குடும்ப மரத்தை சொந்த வெப்சைட்டில் ஏற்றலாமா? மென்பொருள் எதைக் காட்டும், எதை மறைக்கும்?

தாத்தா பெயர் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவோட அப்பா பெயர் பாதிப் பேருக்குத் தெரியும். அதுக்கு மேல கேட்டா, "அத்தைகிட்டதான் கேட்கணும்" என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் வரும் பதில். அந்த அத்தை சொல்வதை நோட்டில் எழுதி வைப்பவர்கள் உண்டு. எக்செல் ஷீட்டில் ஏற்றுபவர்கள் உண்டு. சிலர் அடுத்த கட்டமாக, குடும்பத்துக்கென ஒரு வெப்சைட் தொடங்கி முழு வம்சாவளியையும் அதில் போட்டுவிடலாம் என்று இறங்குகிறார்கள்.

இதற்கான மென்பொருள்கள் புதிதல்ல. 1990-களிலிருந்தே உலகம் முழுக்க ஆர்வலர்கள் இவற்றை எழுதிவருகிறார்கள். பல மென்பொருள்கள் இலவசம். கட்டமும் கோடும் போட்டு மரத்தை வரைவது இவற்றுக்குப் பெரிய வேலையே இல்லை. 400 பேர் கொண்ட ஒரு மரத்தை நீங்கள் ஏற்றினால், அதில் 399 பேரின் தகவல் உங்களுடையது அல்ல. அவர்களில் யாரை உலகத்துக்குக் காட்டுவது, யாரை மறைப்பது? இந்த மென்பொருள்களை உருவாக்குபவர்கள் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்.

எப்படி இயங்குகிறது, எங்கே சறுக்கும், தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ரெடிமேட் தளங்கள் இருக்கும்போது சொந்த வெப்சைட் எதற்கு?

ஆன்செஸ்ட்ரி, மைஹெரிட்டேஜ், ஜெனி போன்ற பெரிய தளங்களில் கணக்கு தொடங்கினால் பத்து நிமிடத்தில் மரம் வரைய ஆரம்பித்துவிடலாம். ஆனால் அங்கே வீட்டுக்காரர் வேறொருவர். வீடு கைமாறினால் உங்கள் தகவலும் சேர்ந்தே கைமாறும். ஜெனி நிறுவனத்தை 2012-ல் மைஹெரிட்டேஜ் வாங்கியது. ஆன்செஸ்ட்ரியை 2020-ல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் 470 கோடி டாலர் மதிப்பில் வாங்கியது. அடுத்த ஆண்டே பிரான்ஸின் ஜீனியாநெட் தளத்தை ஆன்செஸ்ட்ரி வாங்கியது.

பாதுகாப்பும் ஒரு கவலை. 2018 ஜூனில் மைஹெரிட்டேஜ் வெளியிட்ட அறிவிப்பின்படி, 9.2 கோடிக்கும் அதிகமான பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளும் உருமாற்றி வைக்கப்பட்ட பாஸ்வேர்டுகளும் வெளியே கசிந்திருந்தன. மரங்களும் டி.என்.ஏ. தகவல்களும் வேறு இடத்தில் இருப்பதாகவும், அவை பாதிக்கப்படவில்லை என்றும் அந்த நிறுவனம் சொன்னது.

சொந்த வெப்சைட் என்றால் பூட்டும் சாவியும் உங்க கையில். ஆனா பூட்டு சரியா போட்டிருக்கா என்று பார்க்கும் பொறுப்பும் உங்க தலையில்தான்.

ஜெட்காம்: எல்லா மென்பொருளும் பேசும் பொது மொழி

இந்த உலகத்துக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழும் சொல் 'ஜெட்காம்'. வம்சாவளித் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதற்கான கோப்பு வடிவம் இது. மார்மன்கள் என்று அறியப்படும் அமெரிக்க கிறிஸ்தவ சபை 1984-ல் இதை உருவாக்கியது. மறைந்த முன்னோர்களுக்காகவும் சடங்கு செய்யும் வழக்கம் அந்தச் சபையில் உண்டு. அதனால் வம்சாவளி ஆய்வு அவர்களுக்கு மதக் கடமையோடு சேர்ந்த விஷயம்.

ஜெட்காம் கோப்பை நோட்பேடில் திறந்தாலே படித்துவிடலாம். அதில் முக்கியமாக இரண்டு வகைப் பதிவுகள் இருக்கும். ஒன்று 'நபர்'. அவருக்கு ஓர் அடையாள எண், பெயர், பிறப்பு, இறப்பு, ஊர். இன்னொன்று 'குடும்பம்'. ஒரு கணவர், ஒரு மனைவி, அவர்களின் குழந்தைகள் யார் யார் என்று நபர் எண்களை மட்டும் அது சுட்டிக்காட்டும். ஒருவருக்கு இரண்டு திருமணம் என்றால் இரண்டு குடும்பப் பதிவுகள். குழந்தை தத்தெடுக்கப்பட்டது என்றால் அதைக் குறிக்கவும் இடம் உண்டு.

1999-ல் வரைவாக வந்த 5.5.1 பதிப்புதான் இன்றும் அதிகம் புழங்குகிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் ஆங்கிலம் போன்ற லத்தீன் எழுத்து மொழிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. 2021-ல் வந்த 7.0 பதிப்பில் யூனிகோட் கட்டாயம். எனவே தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாக உடைவது போன்ற தொல்லை குறையும். புகைப்படங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பும் வசதியும் 7.0-ல்தான் வந்தது. பழைய பதிப்பில் எழுத்து மட்டும்தான் போகும். படங்களைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

யார் எழுதிய மென்பொருள்கள் இவை?

1997-ல் பிரான்ஸின் அரசு கணினி ஆய்வு நிறுவனமான இன்ரியாவைச் சேர்ந்த டேனியல் டி ரோக்லோத்ர் எழுதியது 'ஜீன்வெப்'. 2001-ல் தொடங்கியது 'கிராம்ப்ஸ்'. இது கணினியில் நிறுவிப் பயன்படுத்துவது. மரத்தை முடித்ததும், ஒரு பொத்தானில் முழு வெப்சைட்டுக்கான பக்கங்களையும் தயாரித்துக் கொடுத்துவிடும். அவற்றை சர்வரில் ஏற்றினால் போதும்.

2002-ல் ஜான் ஃபின்லே தொடங்கியது 'பிஎச்பி-ஜெட்வியூ'. சாதாரண வெப் ஹோஸ்டிங்கிலேயே ஓடும். குடும்பத்தினர் பிரவுசரிலேயே நுழைந்து தகவலைத் திருத்தலாம். உலகம் முழுக்க இருந்த தன்னார்வலர்கள் இதை வளர்த்தார்கள். 2010-ல் ஒரு திருப்பம். அந்தத் திட்டம் இயங்கிவந்த சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், அமெரிக்க ஏற்றுமதிச் சட்டத்தைக் காட்டி சில நாடுகளில் இருப்பவர்களைத் தடுக்கத் தொடங்கியது. அதை ஏற்காத புரோகிராமர்கள் பலர் மொத்தமாக வெளியேறி, அதே நிரலை அடிப்படையாக வைத்து 'வெப்ட்ரீஸ்' என்ற புதிய திட்டத்தைத் தொடங்கினார்கள். நிரல் திறந்த மூலமாக இருந்ததால்தான் இது சாத்தியமானது. சொந்த வெப்சைட்டில் மரம் போடுபவர்களிடம் இன்று மிகவும் பிரபலமான பெயர்களில் ஒன்று வெப்ட்ரீஸ்.

கிராம்ப்ஸ் தருவது அச்சடித்த புத்தகம் மாதிரி. ஒரு பிழையைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி தயாரித்து ஏற்ற வேண்டும். ஆனால் ஹேக் செய்ய அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வெப்ட்ரீஸ் எந்நேரமும் உயிரோடு இருக்கும் பதிவேடு. யார் உள்ளே வருகிறார் என்று பார்த்து, அவருக்கு ஏற்ற மாதிரி பக்கத்தைக் காட்டும். அதற்குப் பதிலாக, புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

நம்ம வீட்டில் மரம் கொஞ்சம் சுத்திக்கும்!

வம்சாவளி ஆய்வில் முன்னோர்களுக்கு எண் போடும் ஒரு பழைய முறை இருக்கிறது. நீங்கள் 1. அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவரது அப்பாவின் எண். அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மாவின் எண். அப்பாவின் அம்மா 5. அம்மாவின் அம்மா 7. அந்த 7-ன் அம்மா 15. மென்பொருள் எழுதுபவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது தாய்மாமன் அக்கா மகளைக் கட்டிய ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இது அரிதான விஷயம் இல்லை. அந்தத் தம்பதியின் குழந்தைக்கு, அப்பாவைப் பெற்ற பாட்டியின் எண் 5. அதே பாட்டிதான் அம்மாவுக்கும் பாட்டி. அந்த வழியில் அவர் எண் 15. ஒரே ஆளுக்கு இரண்டு எண், அதுவும் இரண்டு வெவ்வேறு தலைமுறைகளில்!

அத்தை மகள், மாமன் மகள் திருமணத்திலும் இதே கதைதான். வழக்கமாக ஒருவருக்கு எட்டு கொள்ளுத் தாத்தா–பாட்டிகள் இருப்பார்கள். பெற்றோர் அத்தை மகன், மாமன் மகள் என்றால் அது ஆறாகக் குறையும்.

'ஒவ்வொரு கிளையும் தனித்தனி' என்று நம்பி எழுதப்பட்ட நிரல் இங்கே திணறும். அதே பாட்டியை இரண்டு பேராகப் பதிவு செய்யும். அல்லது வரைந்ததையே திரும்பத் திரும்ப வரையும். ஜெட்காம் வடிவம் நபரையும் குடும்பத்தையும் தனித்தனியாக வைத்து எண்களால் இணைப்பதால், பாட்டி ஒருமுறைதான் பதிவாவார். படத்தில் இரண்டு இடத்தில் தெரிவார், அவ்வளவுதான். ஜீன்வெப் ஒரு படி மேலே போய், இருவருக்கு இடையே எந்தெந்த வழிகளில் ரத்த உறவு இருக்கிறது, எத்தனை சதவீதம் என்றே கணக்குப் போட்டுக் காட்டும்.

இனிஷியலும் வருஷப் பெயரும்

அடுத்த சிக்கல் பெயர். ஜெட்காமில் குடும்பப் பெயரை இரண்டு சாய்கோடுகளுக்கு நடுவே எழுத வேண்டும். தலைமுறை தலைமுறையாக அது மாறாமல் வரும் என்பது மேற்கத்திய எதிர்பார்ப்பு. நமக்கோ அப்பா பெயர்தான் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு அந்த இனிஷியலும் மாறும். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக ஏற்றினால், ஒவ்வொரு தலைமுறையும் பட்டியலில் ஒவ்வொரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதே பிரச்சினை ஐஸ்லாந்துக்காரர்களுக்கும் உண்டு. அங்கேயும் பெரும்பாலானோருக்குத் தந்தை பெயரை ஒட்டியே பின்பெயர் வரும். வெப்ட்ரீஸில் ஐஸ்லாந்து முறை, ஸ்பானிஷ் முறை என்று தேர்ந்தெடுக்க முடியும். குடும்பப் பெயரே வேண்டாம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

தேதியிலும் இப்படி ஒன்று உண்டு. "சித்ரபானு வருஷம், ஆவணி மாசம்" என்று ஜாதகத்தில் இருக்கும். 60 ஆண்டு சுழற்சியில் சித்ரபானு 1882-லும் தொடங்கியிருக்கிறது, 1942-லும் தொடங்கியிருக்கிறது, 2002-லும் தொடங்கியிருக்கிறது. ஜெட்காமுக்குத் தெரிந்தவை கிரிகோரியன், ஜூலியன், யூத, பிரெஞ்சுப் புரட்சி நாட்காட்டிகள்தான். எனவே உறவுமுறையைப் பார்த்து ஆங்கில ஆண்டை நீங்களே கண்டுபிடித்து, 'சுமார்' என்ற குறியோடு போட வேண்டும். இதில் கவனக்குறைவு கூடாது. ஏன் என்பது அடுத்த பகுதியில் புரியும்.

உயிரோடு இருக்கிறாரா? மென்பொருள் எப்படி முடிவு செய்கிறது?

மறைந்தவர்களைக் காட்டு, உயிரோடு இருப்பவர்களை மறை. பெரும்பாலான வம்சாவளி மென்பொருள்களின் அடிப்படை விதி இதுதான். ஆனால் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?

வெப்ட்ரீஸின் வழி இது. இறப்பு பதிவாகியிருந்தால் மறைந்துவிட்டார். இல்லையென்றால் பிறந்த தேதியைப் பார்க்கும். 120 ஆண்டுகள் கடந்திருந்தால் மறைந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளும். இந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியே இல்லையா? பெற்றோர், துணைவர், குழந்தைகள், பேரக் குழந்தைகளின் தேதிகளை வைத்து ஊகிக்கும். எதுவும் கிடைக்கவில்லை என்றால் உயிரோடு இருப்பதாகவே கருதி மறைத்துவிடும். சந்தேகம் வந்தால் மறைப்பதுதான் பாதுகாப்பு.

இதில் இரண்டு விதமாகத் தவறு நடக்கலாம். 1930-ல் பிறந்த பெரியம்மா எப்போது இறந்தார் என்று தெரியாமல் அந்த இடத்தைக் காலியாக விட்டால், மென்பொருள் அவரை உயிரோடு இருப்பவராகக் கருதி ஒளித்துவைக்கும். தேதி இல்லாமல் 'இறந்துவிட்டார்' என்று மட்டும் பதிய வழி இருக்கிறது. அதைச் செய்தால் போதும். இதனால் யாருக்கும் ஆபத்து இல்லை.

இரண்டாவது வகைதான் ஆபத்து. 1992-ல் பிறந்த ஒரு பெண்ணின் ஆண்டை 1892 என்று தட்டச்சு செய்துவிட்டால், கணக்குப்படி அவருக்கு 130 வயது தாண்டிவிட்டது. மறைந்துவிட்டார் என முடிவுசெய்து அவரது பெயர், பெற்றோர், ஊர் எல்லாவற்றையும் மென்பொருள் பொதுவில் காட்டிவிடும்.

பெயர்தானே, அதுல என்ன ஆகிடப் போகுது?

கஸ்டமர் கேருக்கு போன் செய்தால் என்ன கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிறந்த தேதி, அம்மா பெயர். பாஸ்வேர்டு மறந்துவிட்டால் சில தளங்கள் கேட்கும் ரகசியக் கேள்விகளும் அம்மாவின் ஊர், தாத்தா பெயர் ரகம்தான். ஒரு குடும்ப மரத்தில் இருப்பது அத்தனையும் அதுதான். "உங்க சித்தப்பா பையன் பேசுறேன், அவசரமா பணம் வேணும்" என்று அழைக்கும் மோசடிக்காரருக்கும் இதைவிட நல்ல குறிப்பேடு கிடைக்காது.

அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. சாதி மாறித் திருமணம் செய்துகொண்டு, வீட்டுக்குத் தெரியாமல் வேறு ஊரில் வாழும் தம்பதிகள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆணவக் கொலைகள் நடக்கும் மாநிலத்தில், அவர்கள் இப்போது இருக்கும் ஊரை ஆர்வக்கோளாறில் யாராவது மரத்தில் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? தத்தெடுக்கப்பட்டது இன்னும் தெரியாத பிள்ளை, முதல் திருமணத்தைப் பற்றிப் பேச விரும்பாத அக்கா என்று ஒவ்வொரு குடும்பத்திலும் வெளியே சொல்லாத விஷயங்கள் இருக்கும்.

இதற்காகவே தனிப்பட்ட பதிவுகளுக்குப் பூட்டு போடும் வசதி உண்டு. ஒரு நபரை, அல்லது அவரது ஒரு நிகழ்வை மட்டும், உறுப்பினர்களே பார்க்கலாம் அல்லது நிர்வாகிகளே பார்க்கலாம் என்று குறிக்கலாம். உள்ளே வரும் உறவினர் தனக்கு நெருங்கிய சில படிகளுக்குள் இருக்கும் சொந்தங்களை மட்டுமே பார்க்கும்படியும் வெப்ட்ரீஸில் வைக்கலாம்.

மென்பொருளால் மறைக்க முடியாதவை

கட்டத்துக்குள் இருப்பதை மென்பொருள் மறைக்கும். கட்டத்துக்கு வெளியே நீங்கள் எழுதி வைத்தது அதற்குப் புரியாது.

மறைந்த பாட்டியின் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதுகிறீர்கள்: "இவரது மூத்த மகள் இப்போது கோவையில் வங்கி மேலாளர்". அந்த மகளின் பதிவு மறைந்தேதான் இருக்கும். ஆனால் குறிப்பு பாட்டியுடையது. பாட்டி மறைந்தவர். எனவே எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. தாத்தா தலைமையில் நடந்த திருமணம் என்பதற்காகப் பத்திரிகையை ஸ்கேன் செய்து தாத்தாவின் பக்கத்தில் இணைத்தால், அதில் இருக்கும் மாமன்மார் பெயர், வேலை, வீட்டு முகவரி எல்லாமே வெளியே போகும். குரூப் போட்டோவும் அப்படித்தான். படத்தில் இருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் உயிரோடு இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனிப்பட்ட வெப்சைட் பற்றி ஐரோப்பாவில் ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. ஸ்வீடனில் தேவாலயப் பணியில் இருந்த லிண்ட்க்விஸ்ட் என்ற பெண், வீட்டுக் கணினியில் சொந்தமாக வெப்சைட் தயாரித்தார். சக பணியாளர்களைப் பற்றி நட்பாக எழுதினார். அவர்களில் ஒருவருக்குக் காலில் அடிபட்டதால் பாதி நேரமே வேலை செய்கிறார் என்பதும் அதில் இருந்தது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. எண்ணற்ற பேர் பார்க்கும்படி இணையத்தில் வெளியிட்டால் அதை வீட்டு உபயோகம் என்று சொல்ல முடியாது என 2003 நவம்பரில் தீர்ப்பு வந்தது. இன்று அங்கே நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் சட்டம் மறைந்தவர்களின் தகவலுக்குப் பொருந்தாது. உயிரோடு இருப்பவர்களுக்குப் பொருந்தும். ஐரோப்பாவில் இருக்கும் சொந்தங்களை மரத்தில் சேர்ப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தியாவில் 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவர் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தகவலைக் கையாண்டால் இந்தச் சட்டம் பொருந்தாது. உலகமே பார்க்கும் வெப்சைட் வீட்டுத் தேவையில் அடங்குமா என்பதைச் சட்டத்தின் வாசகம் விளக்கவில்லை. சட்டம் எப்படி இருந்தாலும், "என் பெயரை ஏன் போட்டாய்?" என்று அக்கா கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

தேடுபொறி ரோபோக்கள் வந்தால்?

இன்னொரு தொல்லை தானியங்கி ரோபோக்கள். வெப்ட்ரீஸ் போன்ற தளத்தில் எந்த இருவருக்கும் என்ன உறவு என்று கேட்டால் உடனே வரைந்து காட்டும். 1,000 பேர் கொண்ட மரத்தில் 4,99,500 ஜோடிகள் உண்டு. ரோபோ ஒன்று அத்தனை லிங்க்கையும் கிளிக் செய்யத் தொடங்கினால் சிறிய ஹோஸ்டிங் மூச்சுத் திணறிவிடும். அதோடு, ஒருமுறை ரோபோ எடுத்துக்கொண்டு போன பக்கத்தை நீங்கள் அழித்தாலும், அதன் நகல் வேறெங்காவது இருக்கலாம். உறவு வரைபடம் போன்ற கனமான பக்கங்களை உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

• முதலில் உங்கள் கணினியிலேயே மரத்தைக் கட்டுங்கள். கிராம்ப்ஸ் இதற்குப் போதும். வெப்சைட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

• யார் சொன்ன தகவல் என்பதை ஒவ்வொன்றுக்கும் குறித்துவையுங்கள். பெரியப்பா ஒரு ஆண்டு சொல்வார், அத்தை வேறு ஆண்டு சொல்வார். இரண்டையும் பதியலாம்.

• வெப்சைட்டை ஆரம்பத்தில் லாகின் செய்தால் மட்டுமே திறக்கும்படி வையுங்கள். சொந்தங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு மறைந்தவர்களின் பகுதியை மட்டும் பொதுவில் திறக்கலாம்.

• யார் திருத்தினாலும் ஒருவர் பார்த்து ஏற்ற பிறகே வெளியாகும்படி அமைப்பில் வைக்கலாம். எல்லோருக்கும் நிர்வாகி உரிமை கொடுக்காதீர்கள்.

• வருடத்துக்கு ஒருமுறையாவது ஜெட்காம் கோப்பையும் புகைப்படங்களையும் தரவிறக்கி இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். 1990-களில் எத்தனையோ பேர் சொந்தப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டிஸ் சேவையை யாஹூ 2009-ல் மூடியது. சொந்த வெப்சைட்டுக்கும் அந்த நிலை வரலாம். டொமைன் கட்டணத்தை ஒரு வருடம் கட்ட மறந்தாலே போதும்.

• தளத்தைத் திறந்துவிடும் முன் லாக்-அவுட் செய்யுங்கள். இன்னொருவரின் போனில், முன்பின் தெரியாத ஆள் மாதிரி உள்ளே போங்கள். உங்கள் பெயர், உங்கள் அம்மா பெயர், வீட்டில் இருக்கும் குழந்தைகளின் பெயர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். ஏதாவது ஒன்று கிடைத்தாலும் அன்றைக்குத் தளத்தைத் திறக்காதீர்கள். எந்தக் குறிப்பிலிருந்து, எந்தப் படத்திலிருந்து அது வந்தது என்று கண்டுபிடித்துப் பூட்டிவிட்டு, மறுபடி ஒருமுறை தேடுங்கள்.